ஏர் ரைஃபிளில் டிரிகரை விரலுக்கு ஏற்ற இடத்தில் வைப்பது எப்படி?

புது மேட்ச் ரைஃபிள் (போட்டிக்கான ரைஃபிள்) கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடுவது டிரிகரின் எடையை, அதாவது அதை விடுவிக்க விரல் கொடுக்க வேண்டிய அழுத்தத்தை, குறைக்கும் திருகைத்தான். ரேஞ்சில் பக்கத்து லேனில் நிற்பவர் கேட்பதும் அதையேதான்: "எவ்வளவு லைட்டா வெச்சிருக்கீங்க?" டிரிகர் எந்த இடத்தில் இருக்கிறது, விரல் அதை எந்தக் கோணத்தில் தொடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் வரிசையே தலைகீழ். இடம் சரியாக இருந்தால் எடை ஓரளவு கூடுதலாக இருந்தாலும் நன்றாகச் சுடலாம். இடம் தவறாக இருந்தால் எடையை எவ்வளவு குறைத்தாலும் குண்டு பக்கவாட்டில் சிதறிக்கொண்டேதான் இருக்கும்.

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்குவதும் இதே பிரிவில். அதனால் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது இதற்கு வருகிறார்கள். பெற்றோர் லட்ச ரூபாயைத் தாண்டிச் செலவழித்து ஜெர்மன் ரைஃபிள் வாங்கித் தருகிறார்கள். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், எதுவானாலும் சரி, டிரிகர் பிளேடை (விரல் தொடும் பகுதியை) நகர்த்தும் வசதி அதில் ஏற்கெனவே இருக்கும். அந்த வசதியை வீட்டு மேசையில் வைத்தே பயன்படுத்துவது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

இங்கே சொல்வது எல்லாம் 4.5 மில்லிமீட்டர் மேட்ச் ஏர் ரைஃபிளுக்கு மட்டும். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் சக்தி இல்லாத ஏர் ரைஃபிளை வைத்திருக்க உரிமம் வேண்டாம். மேட்ச் ரைஃபிளின் சக்தி சுமார் 7.5 ஜூல்தான். பாயிண்ட் 22 போன்ற வெடிமருந்துத் துப்பாக்கி வேறு கதை. அதைப் பழுதுபார்க்கவும் மாற்றி அமைக்கவும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. எனவே அந்த வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஏர் ரைஃபிளிலும் ஓர் எல்லை உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த திருகைத் திருப்பலாம், அது அனுமதிக்கும் தூரம்வரை பிளேடை நகர்த்தலாம். பிளேடை வளைப்பது, உள்ளே இருக்கும் கொக்கிகளை அரத்தால் ராவுவது, உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குவது, இந்தப் பக்கமே போக வேண்டாம். கொக்கியின் பிடிமானம் கால் மில்லிமீட்டர் குறைந்தாலும் ரைஃபிளைத் தரையில் வைக்கும் அதிர்ச்சியிலேயே அது விடுபட்டுவிடலாம்.

வேலையைத் தொடங்கும் முன்

பெரிய பட்டறை எதுவும் தேவையில்லை. உங்கள் மாடலுக்குரிய ஆலன் கீ, ஒரு வெர்னியர் காலிப்பர், மாஸ்கிங் டேப், கூர்மையான பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம், கழுத்தை நீட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு நண்பர். ஆலன் கீ மட்டும் நல்லதாக வாங்குங்கள். மலிவான கீயின் முனை மழுங்கியிருக்கும். டிரிகர் திருகுகள் பொடியானவை, அவற்றின் அறுகோணக் குழி ஒருமுறை வழுக்கிவிட்டால் அப்புறம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கையேட்டைப் படியுங்கள். தொலைந்திருந்தால் கவலை இல்லை, தயாரிப்பாளர்களின் தளத்திலேயே பிடிஎஃப் கிடைக்கும். எந்தத் திருகு எதற்கு என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். மேட்ச் டிரிகர் இரண்டு கட்டமாக இயங்கும்: முதலில் லேசாக நகர்ந்து ஓரிடத்தில் தடுத்து நிற்கும், அங்கிருந்து மேலும் அழுத்தினால் விடுபடும். பிளேடைப் பிடித்திருக்கும் திருகையும் அந்த இரண்டாம் கட்டத்தின் எடைத் திருகையும் பார்வையில் பிரித்தறிவது கடினம். படத்தோடு ஒத்துப் பார்க்காமல் எதையும் திருப்ப வேண்டாம்.

பிறகு பாதுகாப்பு. பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) உள்ளே இல்லை என்று பார்த்து, பெல்லட் போடும் வாயை மூடும் போல்ட்டைத் திறந்து வைத்து, குழலின் முழு நீளத்துக்கும் சேஃப்டி லைனை (உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் கயிற்றை) நுழையுங்கள். போட்டியில் ஏர் ரைஃபிளுக்கு இது கட்டாயம், வீட்டிலும் அப்படியே. புல் வெட்டும் மெஷினுக்கு விற்கும் பளிச்சென்ற நைலான் கயிறு இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆலன் கீயைக் கையில் எடுக்கும்போது காற்று சிலிண்டரையும் கழற்றிவிடுங்கள். இதில் ஒரு சங்கதி: சிலிண்டரைக் கழற்றிய பிறகும் உள் அறையில் ஒரு ஷாட்டுக்கான காற்று மிச்சமிருக்கலாம். பாதுகாப்பான திசையில் நீட்டி, பெல்லட் இல்லாமல் ஒருமுறை விட்டுக் காலி செய்த பிறகே ரைஃபிளை மேசையில் வையுங்கள். அப்போது மட்டும் லைனை வெளியே எடுக்க வேண்டும்.

கடைசியாக, இப்போது இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரிப்பின் (கைப்பிடியின்) முன்விளிம்பிலிருந்து பிளேடின் நடுப்பகுதிவரை எத்தனை மி.மீ. என்று காலிப்பரால் அளந்து எழுதுங்கள். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்குத் திரும்ப இதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில் தோள், பிறகு கை, அப்புறம்தான் விரல்

டிரிகரின் இடம் தனியாக நிற்கும் விஷயம் அல்ல. தோளில் பதியும் பட் பிளேட்டின் நீளம் மாறினால் கையின் இடம் மாறும், கை மாறினால் விரலும் மாறும். எனவே பட் பிளேட், சீக் பீஸ் (கன்னம் வைக்கும் பகுதி), கிரிப் மூன்றும் முடிவான பிறகே டிரிகருக்கு வர வேண்டும். பிளேடை நகர்த்திவிட்டு மறுநாள் பட் பிளேட்டை 1 செ.மீ. நீட்டினால் செய்த வேலை வீண்.

ஷூட்டிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். விதிப்படி ஜாக்கெட் துணியின் தடிமன் ஓர் அடுக்குக்கு 2.5 மி.மீ.வரை இருக்கலாம், உள்ளே போடும் பனியன், ஸ்வெட்டரையும் சேர்த்தால் தோளுக்கும் பட் பிளேட்டுக்கும் இடையே நிறையவே வித்தியாசம் வரும். டி-ஷர்ட்டோடு பொருத்திப் பார்த்துவிட்டு ரேஞ்சில் ஜாக்கெட் போட்டால் எல்லாம் தள்ளிப்போயிருக்கும். நம் ஊர் வெயிலில் வீட்டில் ஜாக்கெட் போடுவது கொடுமைதான். ஃபேனுக்கு அடியில் நின்று செய்யுங்கள்.

கிரிப் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மணிக்கட்டு வளையாமல், முன்கையின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் ஒரே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் சும்மா கிடக்க வேண்டும். ஆள்காட்டி விரல் இந்தப் பிடியில் பங்கெடுக்கவே கூடாது. அதன் வேலை டிரிகர் மட்டும்.

கோணம் ஏன் இவ்வளவு முக்கியம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரிகர் 100 கிராமில் விடுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் நேராகப் பின்னோக்கி இழுத்தால் அந்த 100 கிராமும் தோளில் போய் அடங்கிவிடும். விரல் 20 டிகிரி சாய்வாக இழுத்தால் அதில் 34 கிராம் பக்கவாட்டில் தள்ளும். ஐந்து கிலோ ரைஃபிளை 34 கிராம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. கண்ணருகே இருக்கும் பீப் சைட்டுக்கும் குழல் முனையில் இருக்கும் ஃபோர்சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. தூரம் என்றால், ஃபோர்சைட் 0.2 மி.மீ. நகர்ந்தாலே 10 மீட்டருக்கு அப்பால் ஒரு வளையம் போய்விடும். 0.2 மி.மீ. என்பது இரண்டு தாள் கனம். அதை நகர்த்த 34 கிராம் தாராளம்.

இதைவிட மோசம் இன்னொன்று இருக்கிறது. எட்டாத பிளேடை விரல் எட்டிப் பிடிக்கும்போது மற்ற விரல்களும் கூடவே இறுகும். உள்ளங்கைத் தசைகள் அப்படித்தான், ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் வரும். சுடும் நொடியில் கிரிப்பின் அழுத்தம் மாறினால் ரைஃபிள் திரும்பாமல் என்ன செய்யும்? "நான் நல்லாத்தான் ரிலீஸ் பண்ணேன், ஆனா 9.2 போயிடுச்சு" என்று குழம்பும் பிள்ளைகளில் பலரின் கையைப் பார்த்தால் விரல் நீண்டு, முட்டிகள் வெளுத்திருக்கும்.

பிளேடின் இடத்தைக் கண்டுபிடித்தல்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் செய்யுங்கள். சிலிண்டரைத் திரும்பவும் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ரைஃபிளின் சமநிலை மாறிவிடும். போல்ட் திறந்தே இருக்கட்டும், சேஃப்டி லைன் உள்ளேயே இருக்கட்டும்.

டிரிகர் பகுதிக்குப் பக்கத்தில், ஸ்டாக்கின் (ரைஃபிளின் உடற்கட்டையின்) மேல் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். நின்ற நிலையில் வழக்கம்போல் ரைஃபிளை எடுத்து, தோளில் பொருத்தி, கன்னத்தை வையுங்கள். ஆள்காட்டி விரல் டிரிகருக்கு வெளியே நேராக நீட்டியபடி இருக்கட்டும். கண்ணை மூடுங்கள். இரண்டு மூன்று மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்துங்கள். பிறகு, டிரிகர் எங்கே இருக்கிறது என்று தேடாமல், விரலைத் தானாக வளைய விடுங்கள். விரலின் நடுக்கணு ஏறக்குறைய செங்கோணத்தில் வளைந்து, நுனிக்கணு குழலுக்குக் குறுக்காக வந்து நிற்க வேண்டும். அந்த நிலையில் நுனிச் சதை இருக்கும் இடத்துக்கு நேராக நண்பர் டேப்பில் பென்சிலால் ஒரு கோடு போடட்டும். குழல் முனைக்கு முன்னால் அவர் போகக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

ரைஃபிளை இறக்கி, கையை உதறிவிட்டு மறுபடியும் செய்யுங்கள். இப்படி ஐந்தாறு தடவை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாது, சில மில்லிமீட்டர் பரவியிருக்கும். கூட்டமாக விழுந்த இடத்தின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் கிரிப்பை நீங்கள் ஒரே மாதிரி பிடிக்கவில்லை என்று பொருள். அந்தப் பிரச்சினையை முதலில் தீர்க்க வேண்டும்.

இப்போது பிளேடு இருக்கும் இடத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். புதியவர்களிடம் பெரும்பாலும் பிளேடு முன்னால் தள்ளி இருக்கும்; கடையிலிருந்து வரும் ரைஃபிள் பெரிய கைக்கு அமைக்கப்பட்டிருப்பதும், வாங்குவது பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு என்பதும்தான் காரணம். சிலிண்டரைக் கழற்றி, முன்சொன்னபடி உள்ளே மிஞ்சிய காற்றைக் காலி செய்துவிட்டு, பிளேடைப் பிடித்திருக்கும் திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுவதும் கழற்றினால் பொடித் திருகு தரையில் உருண்டு காணாமல் போகும். பிளேடை அது பொருந்தியிருக்கும் தண்டில் சறுக்கி, கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து மெதுவாக இறுக்குங்கள். ஆலன் கீயின் நீளப் பக்கத்தைத் திருகில் வைத்து குட்டைப் பக்கத்தால் திருப்பினால் அளவுக்கு மீறி இறுக்கிவிட மாட்டீர்கள். பெரும்பாலான மாடல்களில் இது அலுமினியத்தில் போகும் திருகு, மரை எளிதில் தேய்ந்துவிடும்.

விரலின் எந்த இடம் பிளேடைத் தொட வேண்டும்? கைரேகைச் சுழி இருக்குமே, அந்த நடுச்சதை. அதைத் தாண்டி மூட்டின் மடிப்பில் பிளேடு விழுந்தால் பிளேடு உங்களுக்குப் பக்கத்தில் அதிகமாக வந்துவிட்டது; நகத்தின் ஓரத்தில் விழுந்தால் இன்னும் தூரமாக இருக்கிறது. அத்தோடு விரலின் அடிக்கணு ஸ்டாக்கை உரசக்கூடாது. விரல் டிரிகரில் இருக்கும்போது, விரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழைக்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் போனால் சரி. மாட்டிக்கொண்டால், விரல் டிரிகரை இழுக்கும்போதெல்லாம் ஸ்டாக்கையும் தள்ளுகிறது.

உயரமும் சாய்வும்

முன்பின் நகர்வு முடிந்ததும் பின்னாலிருந்து பாருங்கள். பல மேட்ச் ரைஃபிள்களில் பிளேடைத் தண்டைச் சுற்றி இடது வலமாகக் கொஞ்சம் சாய்க்கவும் முடியும். விரல் கீழிருந்து சற்று மேல்நோக்கி வருகிறதா, நேராக வருகிறதா என்பது கிரிப்பின் சரிவைப் பொறுத்தது. பிளேடின் முகம் விரல் சதையில் தட்டையாக உட்கார வேண்டும். ஒரு விளிம்பு மட்டும் அழுத்தினால் பத்து நிமிடம் டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் இழுக்கும் பயிற்சி) செய்த பிறகு சதையில் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்து அதற்கேற்பச் சாய்த்துக்கொள்ளலாம். இடதுகைக்காரர்கள் வலதுகை அமைப்பில் வந்த பிளேடை மறுபக்கம் சாய்த்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உயரம் மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிரிகர் சுழலும் அச்சு மேலே இருக்கிறது. விரல் பிளேடின் கீழ்முனையைத் தொட்டால் நெம்புகோலின் நீளம் கூடுகிறது, எனவே டிரிகர் லேசாகத் தெரியும். மேலே தொட்டால் கனமாகத் தெரியும். அதனால்தான் விரலின் உயரம் ஷாட்டுக்கு ஷாட் மாறினால் எடையும் மாறுகிற மாதிரி இருக்கிறது. முன்பின்னாக நகர்த்துவதில் இந்தச் சிக்கல் அநேகமாக வராது.

சோதனை

திருகை இறுக்கியதும் முதல் சோதனை பாதுகாப்புக்கு. பெல்லட் இல்லாமல் காக் செய்து (சுடத் தயாராக்கி), பாதுகாப்பான திசையில் நீட்டியபடி, பட் பிளேட்டை ரப்பர் பாயில் லேசாகத் தட்டிப் பாருங்கள். தானாக விடுபட்டால் அந்த ரைஃபிளை அப்படியே வைத்துவிட்டு, தெரிந்த டெக்னீஷியனிடம் கொண்டு போங்கள்.

அடுத்தது டிரை ஃபயர். மேட்ச் ரைஃபிள்களில் காற்று போகாமல் டிரிகர் மட்டும் இயங்கும் வசதி இருக்கும். (கிளப்பில் இருக்கும் ஸ்பிரிங் ரைஃபிளில் இதைச் செய்யாதீர்கள், பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் சீல் கெடும்.) இலக்கு வேண்டாம். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, பீப் சைட் வழியே ஃபோர்சைட் வளையத்தை மட்டும் பாருங்கள். டிரிகர் விடுபடும் நொடியில் வளையம் எந்தப் பக்கம் துள்ளுகிறது? அசையாமல் இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் துள்ளினால் பிளேடை 1 மி.மீ. நகர்த்திப் பாருங்கள், குறைகிறதா கூடுகிறதா என்பதே அடுத்து எந்தத் திசையில் நகர்த்துவது என்று சொல்லிவிடும். ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும். இடத்தையும் சாய்வையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கிளப்பில் ஸ்காட் போன்ற மின்னணுப் பயிற்சிக் கருவி இருந்தால் சுவரை விட அது துல்லியம், ஆனால் அது இல்லை என்று காத்திருக்கத் தேவையில்லை.

பிறகு ரேஞ்ச். பழைய நிலையில் சுட்ட சில பத்து ஷாட் தொடர்கள் கையில் இருந்தால் ஒப்பிட வசதி. புது நிலையில் அதே அளவு சுடுங்கள். ஸ்கோரைப் பார்க்காதீர்கள், குழுமத்தின் (குண்டுகள் சேர்ந்து விழுந்த இடத்தின்) அகலத்தைப் பாருங்கள். மேல்கீழாகப் பரவுவதற்கு மூச்சும் பேலன்ஸும் காரணமாக இருக்கலாம்; இடவலமாகப் பரவுவது குறைந்திருக்கிறதா என்பதே டிரிகரைப் பற்றிச் சொல்லும். மொத்தக் குழுமமும் ஒரு பக்கம் தள்ளிப்போயிருந்தால் பயப்பட வேண்டாம், சைட்டில் சில க்ளிக் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். இது தொடரை எல்லாம் முடித்த பிறகு செய்ய வேண்டிய வேலை, நடுவில் அல்ல.

புது நிலை முதலில் அந்நியமாகத்தான் இருக்கும். பழைய தப்பான இடத்துக்கு விரல் பழகிப்போயிருக்கும். ஒரே நாளில் பிடிக்கவில்லை என்று திருப்பி மாற்றாதீர்கள். சில வாரப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். போட்டி நெருங்கும் மாதத்தில் இந்த வேலையையே ஆரம்பிக்க வேண்டாம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை

இடம் உறுதியான பிறகு வேண்டுமானால் எடைத் திருகுக்குப் போகலாம். சர்வதேச விதிகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குக் குறைந்தபட்ச டிரிகர் எடை கிடையாது. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைஃபிளுக்கு 1500 கிராம் என்று உண்டு. வரம்பு இல்லை என்பதற்காகப் புதியவர் 40, 50 கிராமுக்கு இறக்குவது தேவையில்லாத வேலை. முதல் கட்டத்தின் முடிவை விரல் தெளிவாக உணர வேண்டும், அங்கே நின்று பார்த்துவிட்டு இரண்டாம் கட்டத்தை அழுத்த முடிய வேண்டும். அந்த உணர்வு வரும்வரை தயாரிப்பாளர் வைத்த எடையே போதும்.

மறுபடியும் எப்போது பார்க்க வேண்டும்

திருகை இறுக்கிய பிறகு வரும் முதல் சில பயிற்சிகளில் தினமும் பிளேடை விரலால் அசைத்துப் பாருங்கள், தளர்ந்திருக்கலாம். வளரும் பிள்ளைகளுக்குக் கை நீளம் மாறிக்கொண்டே இருக்கும், எனவே மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை டேப் சோதனையை மறுபடி செய்வது நல்லது. புது ஜாக்கெட், புது கிளவ், கிரிப்பில் புதிதாக ஒட்டிய டேப், எது மாறினாலும் அப்படியே.

கிளப் ரைஃபிளை நான்கைந்து பேர் பகிர்ந்து சுடும் இடங்களில், தண்டின் பக்கவாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்துக்கொள்ளலாம். சிவப்புப் புள்ளி ஒருவருடையது, பச்சை இன்னொருவருடையது. கோச்சிடம் கேட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் உங்கள் இடத்துக்கு நகர்த்திச் சுட்டு, முடித்ததும் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.